பசுப்பாறைக்கு அப்பால் ஒரு சிவப்பு லாந்தர்

ராயிஸ், அதாவது படகுத் தலைவர், அம்மாரின் படகில் நாங்கள் பதினான்கு பேர். பதின்மூன்று பேர் ஒரே சட்டியில் சாப்பிட்டு, ஒருவர் காலை ஒருவர் மிதித்துத் தூங்கி, ஒன்றாக வலை இழுப்போம். பதினான்காவது ஆள் ஷெத்லி. பொழுது சாய்ந்ததும் அவனைச் சின்ன விளக்குப் படகோடு கடலில் இறக்கிவிட்டு நாங்கள் ஒதுங்கிப் போய்விடுவோம். இரண்டு கேஸ் சிலிண்டர், படகின் பின்பக்கம் இரும்புக் கையில் தொங்கும் நான்கு விளக்கு, ஒரு ரொட்டி, கொஞ்சம் ஆலிவ், ஒரு டப்பா மிளகாய் விழுது. விடிவதற்குமுன் நாங்கள் திரும்பி வரும்வரை அவனுக்கு அவ்வளவுதான் துணை.

விளக்கைக் கொளுத்தி வைத்தால் மீன் வந்துவிடும் என்று கரையில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். வரத்தான் வரும், நிற்காது. நிற்க வைப்பதுதான் விளக்குக்காரனின் வேலை. முதலில் நான்கும் எரியும். மத்தி கீழே சுற்ற ஆரம்பித்ததும் ஷெத்லி ஒன்றை அணைப்பான். அரை மணி கழித்து இன்னொன்று. கூட்டம் இறுகி மேலே வரும். கடைசியில் ஒரே ஒரு விளக்கு, அதையும் பாதியாகக் குறைத்து, நாங்கள் சுற்றிப் போட்ட வலைக்கு நடுவே துடுப்புச் சத்தம் கேட்காமல் நிற்பான். அவனுக்குக் கீழே தண்ணீர் கொதிக்கிற மாதிரி இருக்கும். மஹ்தியா துறைமுகத்தில் அந்த வேலையை அவனைப்போல் செய்தவன் யாரும் இல்லை. என்னை நம்பலாம். மொன்ஜி என்கிற நான் அந்த வலையைப் பதினொரு வருடம் இழுத்தவன்.

அவன் சண்டைக்காரன் இல்லை. முப்பத்தைந்து வயது, கட்டையான உடம்பு, எப்போதும் சவரம் செய்த முகம். காப்பிக் கடையில் சீட்டில் தோற்றால் சிரிப்பான். பெண்டாட்டி மன்னூபியா மத்தியை டப்பாவில் அடைக்கும் ஆலையில் மீன் தலை வெட்டுகிறவள். பிள்ளை இல்லை. முழுநிலா நாட்களில், எங்கள் விளக்குக்கு மதிப்பில்லாத அந்த ஒரு வாரத்தில், இருவரும் கைகோத்துக்கொண்டு, ஊரின் கடல்முனைப்பக்கம் நடப்பார்கள். ஊர் பார்த்துச் சிரித்தாலும் அவனுக்கு வெட்கம் கிடையாது.

எழுபத்துமூன்றாம் வருடம் பூராவி வந்தான். வடக்கே எங்கோ ஒரு துறைமுகத்தில் தகராறு செய்துவிட்டு, புதுப் படகோடு இங்கே வந்து சேர்ந்தவன் என்று பேச்சு. எங்கள் படகைவிட ஆறு முழம் நீளம். அதில் ஜெனரேட்டர். தண்ணீருக்குள்ளேயே இறக்குகிற மின்விளக்கு. அவனும் ராயிஸ்தான், ஆனால் அம்மார் மாதிரி இல்லை. கையில் ஒரு வேட்டைத் துப்பாக்கியோடுதான் படகேறுவான். மேலே பறக்கிற கடற்காக்கையைச் சும்மா சுட்டு வீழ்த்துவான்.

எங்கள் கடலில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவன் விளக்கு எரிகிற இடத்திலிருந்து கூப்பிட்டால் கேட்காத தூரத்தில்தான் அடுத்தவன் விளக்கு எரிய வேண்டும். பூராவிக்கு அதெல்லாம் கிடையாது. ஷெத்லி மூன்று மணி நேரம் உட்கார்ந்து கூட்டம் சேர்த்து வைத்திருப்பான். பூராவியின் படகு இருட்டிலிருந்து வந்து, கல்லெறி தூரத்தில் மின்விளக்கை இறக்கும். ஷெத்லிக்குக் கீழே கொதித்துக்கொண்டிருந்த தண்ணீர் ஒரு நிமிடத்தில் ஆறிப்போகும். மீன் முழுக்க அந்தப் பக்கம்.

"உன் மெழுகுவத்திய ஊதி அணைச்சிட்டு வீட்டுக்குப் போடா!" என்று பூராவி கத்துவான். "பொண்டாட்டி படுக்கையில இருட்டா இருக்குன்னு அழறாளாம்!"

அவன் ஆட்கள் சிரிப்பார்கள். தண்ணீரில் சிரிப்பு ரொம்ப தூரம் கேட்கும்.

சிரிக்காதவன் ஒருவன் இருந்தான். பூராவியின் விளக்குக்காரன் கமைஸ், பேட்டரியில் எரியும் மின்விளக்கோடு தனியாகச் சின்னப் படகில் இருப்பவன். இந்த ஊர்க்காரன், பக்கத்துத் தெரு. அவனுக்கும் ஷெத்லிக்கும் படகுச் சண்டை எல்லாம் ஒரு பொருட்டில்லை. இருவரும் தனியாக உட்கார்ந்திருக்கும் இரவுகளில் தூரத்திலிருந்தே பேசிக்கொள்வார்கள்.

"ஷெத்லி! தூங்கிட்டியா?"

"தூங்கினா உனக்கென்ன? எம்மீனயும் சேத்து ஓட்டிக்கிட்டுப் போவியா?"

"உம்மீனு எலும்பும் தோலுமா இருக்கு. யாருக்கு வேணும்? சல்ஹா புளிச்ச ரொட்டி குடுத்துவிட்டிருக்கா, உங்கிட்ட என்ன?"

"ஆலிவு. வேணும்னா நீந்தி வா."

சல்ஹா கமைஸின் மனைவி. அவளும் மன்னூபியாவும் ஆலையில் ஒரே மேசையில் எதிரெதிரே நின்று மீன் வெட்டுகிறவர்கள்.

இரண்டு வருடம் இப்படிப் போனது. நாங்களும் சும்மா இருக்கவில்லை. கவணில் கல் வைத்துப் பூராவியின் விளக்குகளை உடைத்தோம். அவன் ஆட்கள் எங்கள் வலையை இரவோடு இரவாகக் கத்தியால் கீறினார்கள். காப்பிக் கடை வாசலில் எங்கள் சமையற்காரனின் மூக்கு உடைந்தது. மறுவாரம் அவர்களில் ஒருவனுக்கு மூன்று விரல் நசுங்கியது. அம்மார் ராயிஸ் மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார், "கடல்ல வச்சுக்காதீங்கடா. கரையில அடிச்சா ரெண்டு நாள்ல எழுந்துப்பான். கடல்ல அடிச்சா எழுந்துக்கவே மாட்டான்."

எழுபத்தைந்து மே மாதம், காற்றே இல்லாத ஓர் இரவு. ஷெத்லியின் விளக்குக்குக் கீழே அந்த வருடத்தின் மிகப் பெரிய கூட்டம். நாங்கள் வலை போட நெருங்கிக்கொண்டிருந்தோம். எங்களுக்குமுன் பூராவியின் படகு வந்தது. விளக்கு இறங்கியது. இந்தத் தடவை ஷெத்லி விலகவில்லை. துடுப்புப் போட்டு நேரே அவர்கள் விளக்கின்மேலேயே தன் படகைக் கொண்டுபோய் நிறுத்தினான்.

"இறக்குடா இன்னொண்ண!" என்று கத்தினான். அவன் கத்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "எத்தன விளக்கு வச்சிருக்க? எல்லாத்தயும் இறக்கு. நான் எழுந்திருக்கமாட்டேன்!"

"எழுந்திருக்க வைக்கறேன் பாரு," என்றான் பூராவி.

இரண்டு வெடி. பறவை சுடுகிற ரவை. விளக்கைத்தான் குறிவைத்தேன் என்று பிற்பாடு சொன்னான், இருக்கலாம். முதல் வெடியில் இரண்டு விளக்கின் கண்ணாடி போனது. இரண்டாவது வெடி கேஸ் குழாயைக் கிழித்தது. கிழிந்த குழாய் பாம்பு மாதிரி துள்ளி, எரிந்துகொண்டிருந்த விளக்கில் பட்டுத் தீயைப் பிடித்துக்கொண்டு, ஷெத்லியின் முகத்தில் ஊதியது. அவன் அலறவில்லை. எழுந்து நின்று, இரண்டு கையாலும் முகத்தைப் பிடித்துக்கொண்டு, அப்படியே தண்ணீரில் சாய்ந்தான். நானும் இன்னொருவனும் குதித்து அவனைத் தூக்கினோம். அவன் கன்னத் தோல் என் உள்ளங்கையோடு வந்தது.

இடது கண் போய்விட்டது. இடது காதும் பாதி. ஆஸ்பத்திரியில் நான்கு மாதம் கிடந்தான். அம்மார் புகார் கொடுத்தார். விசாரணையில் பூராவியின் ஆட்கள் பன்னிரண்டு பேரும், அன்றிரவு படகில் துப்பாக்கியே இல்லை, விளக்கு தானாக வெடித்தது என்று குர்ஆன்மேல் கைவைத்துச் சொன்னார்கள். பன்னிரண்டாவதாகச் சொன்னவன் கமைஸ். அவன் ஆஸ்பத்திரிக்கு வரவேயில்லை. சல்ஹாதான் வாரம் ஒருமுறை ஒரு தூக்குச்சட்டியில் மீன் குழம்பு கொண்டுவந்து, மன்னூபியாவின் கையில் கொடுத்துவிட்டு, உள்ளே எட்டிப் பார்க்காமல் போவாள்.

அக்டோபரில் ஷெத்லி திரும்பவும் துறைமுகத்துக்கு வந்தான். அம்மார் அவனைக் கரையிலேயே வேறு வேலைக்கு வைத்துக்கொள்வதாகச் சொன்னார்.

"ராயிஸ், எனக்கு ஒரு கண்ணு போதும்," என்றான். "மீனுக்கு நான் தேவையில்ல, விளக்குதான் தேவ. என்ன இறக்கிவிடுங்க."

சவரம் செய்வதை விட்டிருந்தான், செய்யவும் முடியாது. சீட்டாட வரவில்லை. படகில் ஏறினால் ஒரு வார்த்தை இல்லை. வெந்த முகத்தைப் பார்க்க முடியாமல் நாங்களும் பேச்சைக் குறைத்தோம். அது எங்கள் தப்பு. அவன் மனதில் என்ன ஓடுகிறது என்று யாராவது உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும்.

இதற்குமேல் நடந்ததில் முதல் பாதியை நான் நேரில் பார்க்கவில்லை. நீதிமன்றத்தில் கேட்டதும், பல வருடம் கழித்து ஷெத்லியே என்னிடம் சொன்னதும் சேர்த்துச் சொல்கிறேன்.

நவம்பர் மாதம், அமாவாசைக்கு மறுநாள். லேசான வடகாற்று. நாங்கள் அவனை வழக்கமான இடத்தில் இறக்கிவிட்டு விலகினோம். அவன் விளக்கைக் கொளுத்தினான், நாங்கள் போகும்வரை காத்திருந்தான், அணைத்தான். பிறகு இருட்டில் வடக்கே துடுப்புப் போட்டு, கமைஸின் விளக்கை நோக்கிப் போனான்.

பூராவி தன் விளக்குப் படகை அடையாளம் கண்டுகொள்ள ஒரு வழி வைத்திருந்தான். வெள்ளை விளக்குக்கு மேலே ஒரு கம்பில் சிவப்புக் கண்ணாடி லாந்தர். அந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் அவன் படகு வரும்.

கமைஸ் துடுப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினான். யாரென்று தெரிந்ததும் முதலில் முகம் வெளிறியதாம். பிறகு மலர்ந்ததாம்.

"வா, வா. தீப்பெட்டி தீந்துபோச்சா? நானே உன்னப் பாக்க வரணும்னு... கயிற எறி, பிடிக்கறேன்."

பிடிக்கக் குனிந்தான். ஷெத்லி துடுப்பை ஓங்கி அவன் தோளும் கழுத்தும் சேருகிற இடத்தில் அடித்தான். கமைஸ் படகுக்குள்ளேயே விழுந்தான். இன்னொரு அடி. பிறகு அந்தப் படகுக்குத் தாவி, அவன் இரண்டு கையையும் வலைக்கயிற்றால் மணிக்கட்டில் சேர்த்துக் கட்டி, உட்காருகிற குறுக்குப் பலகையோடு இறுக்கினான்.

"நான் சுடலடா," என்றான் கமைஸ். வாயில் ரத்தம்.

"தெரியும்."

"அப்புறம் ஏன்டா?"

"துப்பாக்கியே இல்லன்னு சொன்னியே. கைய வச்சுச் சொன்னியே."

கமைஸ் அழுதான். "புள்ளைங்க இருக்குடா ஷெத்லி. அவன் சொல்லச் சொன்னான்."

"ஒரு மணி நேரம். சும்மா இரு. வந்து அவுத்து விடறேன்."

கத்தாமல் இருக்க அவன் தலைத்துண்டாலேயே வாயைக் கட்டினான். மின்விளக்கை உடைத்துக் கடலில் எறிந்தான். சிவப்பு லாந்தரை எடுத்துக்கொண்டான். கமைஸின் படகை அங்கேயே இருட்டில் விட்டால் ஏதாவது படகு மோதி ஏறிவிடும் என்று தோன்றியிருக்கிறது. அதனால் அதைத் தன் படகோடு கட்டி இழுத்து, முனையின் தென்பக்கம், வடகாற்று படாத மறைவில் நங்கூரம் போட்டு நிறுத்தினான். அவனைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தேன் என்று என்னிடம் சொன்னபோது ஷெத்லியின் ஒற்றைக் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

பிறகு வடக்கே திரும்பினான். முனைக்கு வடகிழக்கே பசுப்பாறை என்று ஒன்று. அதன் முதுகின்மேல் ஒரு முழத் தண்ணீர்தான். அலை இருந்தால் வெள்ளையாக நுரைக்கும்; அமைதியான இரவில் ஒன்றும் தெரியாது. இந்த ஊரில் பிறந்தவனுக்குத் தூக்கத்திலும் தெரியும். பூராவி இந்த ஊரில் பிறந்தவன் இல்லை. ஷெத்லி, பூராவி வரும் திசைக்கும் தனக்கும் நடுவே பாறை கிடக்கும்படி, அதற்கு அப்பால் போய் நின்று, நான்கு விளக்கையும் கொளுத்தி, சிவப்பு லாந்தரை மேலே கட்டினான்.

பூராவியின் படகு முழு வேகத்தில் வந்தது. இரவில் கண்ணுக்கு ஒரு விளக்கின் தூரம் தெரியாது. கமைஸ் நீரோட்டத்தில் நகர்ந்திருக்கிறான் என்று நினைத்துச் சுக்கான் பிடித்தவன் சிவப்பையே பார்த்து ஓட்டினான்.

மோதிய சத்தம் கரையில் இருந்த மஸ்ஜித் வரைக்கும் கேட்டதாம். அடிப்பலகை கிழிந்தது. மேல்தளத்தில் குவித்திருந்த வலை முழுக்க ஒரு பக்கம் சரிந்து, அதோடு படகும் கவிழ்ந்தது. ஜெனரேட்டர் வெடித்து ஒருவனின் தொடை எலும்பை முறித்தது. பன்னிரண்டு பேரும் கறுப்புத் தண்ணீரில்.

ஷெத்லி தன் விளக்குகளை அணைத்தான். அதுதான் அவன் திட்டம். அணைத்துவிட்டு இருட்டில் போய்விடுவது, கமைஸை அவிழ்ப்பது, நங்கூரத்தை எடுப்பது.

துடுப்பைக் கையில் எடுத்தான். அப்போது ஒருவன் தன் தாயைக் கூப்பிட்டான். வேறொருவன் மூச்சுக்கு மூச்சு, சாகும்போது சொல்கிற கலிமாவைச் சொன்னான். வலையில் கால் மாட்டிக்கொண்டு ஒருவன் நாய்க்குட்டி மாதிரி முனகினான். அவர்களுக்குக் கரை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. ஆளாளுக்கு ஒரு திசையில் நீந்தினார்கள். இருவர் நடுக்கடலை நோக்கிப் போனார்கள்.

"நான் ஒடைக்கணும்னு நினைச்சது படகு," என்றான் ஷெத்லி என்னிடம். "அந்தப் படகு ஒடையறத மட்டுந்தான் நாலு மாசமா ஆஸ்பத்திரி சுவத்துல பாத்துக்கிட்டிருந்தேன். அதுல ஆளுங்களே இல்ல, மொன்ஜி. எம்மனசுல அந்தப் படகுல ஆளே இல்ல."

நான்கு விளக்கையும் மறுபடி கொளுத்தினான். ஏழெட்டுத் தீக்குச்சி வீணானது. கொளுத்திவிட்டு எழுந்து நின்று, "இங்க! இங்க வாங்க! விளக்கப் பாத்து நீந்துங்க!" என்று கத்தினான். வந்தார்கள். கொக்கிக் கம்பால் சட்டையில் மாட்டி இழுத்தான். வலைக்குள் சிக்கியவனுக்காகத் தானே கத்தியோடு குதித்து, அறுத்து, முடியைப் பிடித்து மேலே கொண்டுவந்தான். ஏழு பேர் படகுக்குள். மற்றவர்கள் விளிம்பைப் பிடித்துத் தொங்கினார்கள். கடைசியாக, பன்னிரண்டாவதாக நீந்தி வந்து உள்ளே ஏறியவன் பூராவி.

ஏறி, தண்ணீரைக் கக்கி, நிமிர்ந்து பார்த்தான். நான்கு விளக்கின் வெளிச்சத்தில் அந்த வெந்த முகம். அதற்குமேலே தன் சிவப்பு லாந்தர்.

"நீயா?" என்றான். பிறகு, "கமைஸ் எங்க?"

ஷெத்லி வாயைத் திறந்தான். சொல்லத்தான் திறந்தான். பூராவி துடுப்பின் கைப்பிடிப் பக்கத்தால் அந்த வாயிலேயே அடித்தான். தாடை இரண்டாகப் போனது. "கொன்னுட்டியா? அவனயும் கொன்னுட்டியாடா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தான். பல் உடைந்தது. ஷெத்லி கையை உயர்த்தித் தடுக்கவில்லை. இரண்டு கையாலும் எதையோ காட்டிக்கொண்டிருந்தான். அவனால் காப்பாற்றப்பட்ட ஆட்களே, படகு கவிழ்ந்துவிடும் என்ற பயத்தில்தான், கடைசியில் பூராவியைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

மோதிய சத்தம் கேட்டு அந்த நேரம் நாங்கள் போய்ச் சேர்ந்தோம். எல்லாரையும் எங்கள் படகில் ஏற்றினோம். ஷெத்லி தன் படகின் அடிப்பலகையில், ரத்தமும் கடல்தண்ணீரும் கலந்த குட்டையில் கிடந்தான். நான் அவன் தலையை மடியில் வைத்துத் துடைத்தேன். "க்... க்..." என்று ஒரு சத்தம் தொண்டையில் வந்தது. இரண்டு மணிக்கட்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து என் முகத்துக்கு நேரே நீட்டினான். நீட்டி நீட்டிக் காட்டினான்.

போலீசுக்குத் தன்னைக் கட்டிக் கொடுக்கச் சொல்கிறான் என்று நினைத்தேன்.

"இல்லடா, நாங்க கட்டமாட்டோம்," என்றேன். "நீ நம்மாளு. யாரும் உன்னக் கட்டமாட்டாங்க. படு."

அவன் என்னை நெஞ்சில் குத்தினான். மறுபடி மணிக்கட்டைக் காட்டினான். தெற்கே கை நீட்டினான், அது கரைப்பக்கமும்கூட. வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்கிறான் என்றேன் மற்றவர்களிடம். பிறகு அவனுக்கு நினைவு தப்பியது.

அடிபட்டவர்களைக் கரையில் விட்டுவிட்டு, விடிகிறவரை கமைஸைத் தேடினோம், பூராவி அவனை இறக்கிவிட்ட வடக்குப் பக்கத்தில். கமைஸின் மின்விளக்கின் மரப்பிடி ஒன்று மிதந்து கிடைத்தது. அதைப் பார்த்ததும் பூராவி, "முடிஞ்சுது," என்றான். அடித்துப் படகோடு அமிழ்த்திவிட்டான் என்று முடிவுகட்டினோம். தெற்கே யாரும் போகவில்லை.

மறுநாள் பிற்பகல்தான் ஷெத்லிக்கு ஆஸ்பத்திரியில் நினைவு வந்தது. தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். எழுதத் தெரியாது. காவலுக்கு நின்றவரிடம் மணிக்கட்டைக் காட்டினான்; அவர் தலையாட்டிவிட்டு விலங்கைச் சரிபார்த்தார். சாயங்காலம் மன்னூபியாவை உள்ளே விட்டார்கள். அவளிடமும் அதையே காட்டினான்.

அவள் ஒரு கணம்தான் பார்த்தாள். "யாரக் கட்டின?" என்றாள்.

அவன் கண்ணை மூடித் திறந்தான்.

"கமைஸயா? உசுரோடயா?" தலையாட்டினான். "எங்க?" முனை, தெற்கு, நங்கூரம், விரலால் படுக்கைவிரிப்பில் வரைந்தான்.

அவள் செருப்பில்லாமல் துறைமுகத்துக்கு ஓடிவந்தாள். அதற்குள் காற்று மாறியிருந்தது. மத்தியானத்திலிருந்து தென்கிழக்குக் காற்று. வடக்குக்கு மறைவாக இருந்த இடம் இப்போது காற்றுக்கு நேரே திறந்து கிடந்தது. துறைமுகத்துக்குள்ளேயே படகுகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டிருந்தன. யாரும் கடலுக்குப் போகக்கூடாது என்று கொடி ஏற்றியிருந்தது. அம்மார் இன்ஜினைக் கிளப்பினார். நாங்கள் ஐந்து பேர் ஏறினோம். ஆறாவதாகக் குதித்து ஏறியவன் பூராவி. யாரும் அவனை இறங்கச் சொல்லவில்லை.

இரவு முழுக்க அலை எங்களைப் பந்தாடியது. ஒருவனுக்கு விலா எலும்பு முறிந்தது. இருட்டில் விளக்கில்லாத ஒரு சின்னப் படகைத் தேடுவது என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டோம். விடியும்போது கிடைத்தது. நங்கூரக் கயிறு குட்டை. அலைக்கு எழும்ப முடியாமல் படகு விளிம்புவரை தண்ணீர் நிரம்பி நின்றது. கமைஸ் குறுக்குப் பலகைக்குப் பக்கத்தில் முழங்காலிட்டபடி, கைகள் கட்டிய கயிற்றிலும் முகம் தண்ணீரிலுமாக இருந்தான். மணிக்கட்டில் எலும்பு தெரிந்தது. கயிற்றை அறுக்கப் பாடுபட்டிருக்கிறான். வாய்த்துண்டைக் கடித்தே கிழித்திருந்தான். கத்தியிருக்கிறான், கேட்க அங்கே ஆள் இல்லை.

பூராவிதான் இறங்கிக் கயிற்றை அறுத்தான். அறுத்து, அவனை மடியில் போட்டுக்கொண்டு, வெகுநேரம் ஏறவில்லை.

கமைஸை அடக்கம் செய்து நாற்பதாம் நாளுக்குப் பிறகு சல்ஹா ஆலைக்குத் திரும்பினாள். அதே மேசை. எதிரே மன்னூபியா. அரை நாள் இருவரும் தலை நிமிராமல் மீன் வெட்டினார்கள். மத்தியான மணி அடித்ததும் சல்ஹா கத்தியோடு மேசையைத் தாண்டி வந்தாள். மன்னூபியாவின் நெற்றியிலிருந்து கன்னம்வரை ஒரே இழுப்பு. "உம்புருஷன் எம்புள்ளைங்க வாயில மண்ணப் போட்டான்!" என்று கத்தினாள். இன்னொரு வெட்டுக்கு ஓங்கிய கையைப் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். பதினேழு தையல். மீன் வெட்டும்போது கை வழுக்கியது என்று மன்னூபியா மேஸ்திரியிடம் சொன்னாள். வேறு மேசைக்கு மாற்றுகிறேன் என்றார் அவர். வேண்டாம் என்றாள். அதற்கப்புறம் பதினாறு வருடம் இருவரும் அதே மேசையில் எதிரெதிரே நின்றார்கள். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

வழக்கில் பூராவி சாட்சி சொல்ல ஏறினான். துப்பாக்கி சுட்டதை அவனே ஒப்புக்கொண்டான், யாரும் கேட்காமல். பிறகு சொன்னான்: "அவன் அந்த ராத்திரி வாயத் திறந்தான், ஐயா. கமைஸ் இருக்கற எடத்தச் சொல்லத்தான் திறந்தான். நான் அந்த வாய ஒடச்சேன். ஒடைக்காம இருந்தா அரை மணி நேரத்துல போய் அவுத்திருப்போம்." நானும் எழுந்து மணிக்கட்டு விஷயத்தைச் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை சல்ஹா என்மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஷெத்லிக்குப் பன்னிரண்டு வருடம். பூராவிக்கு மூன்று. ஷெத்லி எதுவும் மறுக்கவில்லை. கோணிப்போன தாடையோடு, "கட்டினது நான்," என்று மட்டும் சொன்னான்.

ஒன்பதாம் வருடம் விடுதலையாகி வந்தான். மூன்றாம் நாள் துறைமுகத்து ஐஸ் ஆலை வாசலில் கமைஸின் தம்பி ஒரு இரும்புக் குழாயோடு காத்திருந்தான். பட்டப்பகல். மீன் ஏலத்துக்கு வந்த ஊர் முழுக்கப் பார்த்தது. ஷெத்லி ஓடவில்லை, குனியக்கூட இல்லை. வலது கை முறிந்தது, முழங்கால் சில்லு போனது. மூன்றாவது அடியில் கீழே விழுந்தான். தம்பி குழாயை அவன் தலைக்குமேல் ஓங்கி நின்றான். ஓங்கியபடியே நின்று, அழ ஆரம்பித்து, குழாயைக் கடலில் எறிந்துவிட்டுப் போனான். போலீஸ் வந்து கேட்டபோது, "ஐஸுல வழுக்கி விழுந்தேன்," என்றான் ஷெத்லி. பார்த்துக்கொண்டிருந்த இருநூறு பேரும் வழுக்கித்தான் விழுந்தான் என்றார்கள்.

அதற்குப் பிறகு யாரும் அவனைத் தொடவில்லை. எந்த ராயிஸும் படகில் ஏற்றவும் இல்லை. அந்த ஐஸ் ஆலையிலேயே கட்டி உடைக்கிற வேலை கிடைத்தது. நொண்டிக்கொண்டே செய்தான். நான் கடலை விட்ட பிறகு சாயங்காலங்களில் அவனோடு போய் உட்காருவேன். முழுசாக அவன் வாயால் கேட்டது அப்போதுதான்.

"ஒரு கேள்வி கேக்கலாமா?" என்றேன் ஒருநாள். "அவங்கள ஒவ்வொருத்தனா தூக்கினியே, அப்ப கமைஸ் ஞாபகம் வரலயா?"

ஐஸ் உடைக்கிற ஊசியைத் தரையில் குத்திக்கொண்டிருந்தான்.

"வந்துது," என்றான். "ஆறாவது ஆளத் தூக்கறப்ப வந்துது. இவங்கள முடிச்சிட்டுப் போலாம், அவன் பத்திரமா இருக்கான்னு நினைச்சேன். பத்திரமான எடத்துல வச்சுட்டு வந்திருக்கேன்னு எனக்குக் கொஞ்சம் பெருமகூட இருந்துது, மொன்ஜி."

தொண்ணூற்றிரண்டாம் வருடம் ரமலானில், நோன்பு திறக்கக் கால் மணி நேரம் இருக்கும்போது, ஐஸ் அறைக்குள் சரிந்து விழுந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே போய்விட்டான். முனையில் அடக்கம் செய்தோம். இருபது பேர் வந்திருந்தால் அதிகம். பூராவி அப்போது ஊரைவிட்டுப் போய் வெகுநாள் ஆகியிருந்தது. சல்ஹாவின் தெரு வழியாகத்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அவள் கதவு சாத்தியிருந்தது. நாங்கள் கடந்து போகும்வரை உள்ளே யாரோ வாசற்படிக்குப் பின்னால் நிற்பது கதவின் அடி இடுக்கில் தெரிந்தது.

நான்காம் நாள் காலையில் மன்னூபியா வேலைக்குப் போனாள், அதே மேசைக்கு, சல்ஹாவுக்கு எதிரே.